சைக்கிள் கடைக்காரர் ஆர்வில் ரைட்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன், புளியங்குடி)



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். நியூட்டன், எடிசன், சர் சி.வி.ராமன் என்று ஆளுக்கு ஒருவரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு விட்டார்களாம். மிச்சம் இருந்த பட்டியலில் ரைட் சகோதரர்கள் என்று பார்த்ததும் நான் யோசிக்கவே இல்லை, கையைத் தூக்கிவிட்டேன். காரணம் உண்டு. எங்க அப்பா புளியங்குடியில் மெயின் ரோட்டை ஒட்டிச் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஆர்வில் ரைட்டும் சைக்கிள் கடைக்காரர்!

முதலாம் ஆண்டு சேர்ந்த புதிதில் அப்பா என்ன வேலை என்று வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டபோது, நான் பிசினஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவன். இந்தக் கட்டுரையில் அதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் ரைட் சகோதரர்கள் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சைக்கிள் ஃபிரேம் கட்டிப் பிழைத்தவர்கள், பழைய சைக்கிளை ரிப்பேர் பார்த்த காசில்தான் விமானம் செய்தார்கள் என்பதை நம்மில் பலர் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம். நான் அந்த ஒரு வரியில்தான் நிற்கப்போகிறேன்.

ஆர்வில் ரைட் 1871ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊரில் பிறந்தார். அண்ணன் வில்பர் அவருக்கு நான்கு வயது மூத்தவர். அப்பா மில்டன் ஒரு கிறிஸ்தவ சபையின் பிஷப், ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பவர். அம்மா சூசன்தான் வீட்டில் சுத்தியல், உளி பிடிக்கத் தெரிந்த ஆள். பிள்ளைகளுக்குப் பொம்மையும் சறுக்கு வண்டியும் தன் கையாலேயே செய்து கொடுப்பாராம். 1878இல் அப்பா வாங்கி வந்த ரப்பர் பேண்டில் ஓடும் சின்னப் பறக்கும் பொம்மை ஒன்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. அது உடைந்ததும் தாங்களே அதே மாதிரி செய்து பார்த்தார்கள். அம்மா 1889இல் காசநோயில் இறந்துபோனார்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆர்வில் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலேயே விட்டவர். வில்பர் படிப்பை முடித்தும், குடும்பம் ஊர் மாறியதால் சான்றிதழ் வாங்காமலேயே போனவர். அந்த ஊரில் பள்ளிச் சான்றிதழுக்குப் பெயர் டிப்ளமா. அதாவது உலகத்தின் முதல் விமானத்தைக் கட்டிய இரண்டு பேரிடமும் டிப்ளமா கிடையாது! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதை வீட்டில் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் படிக்காமல் இருந்தவர்கள் இல்லை, பள்ளிக்குப் போகாமல் படித்தவர்கள்.

பள்ளியை விட்ட ஆர்வில் முதலில் அச்சுத் தொழிலில் இறங்கினார். அச்சு இயந்திரத்தைத் தானே கட்டினார். 1889இல் ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். பிறகு 1892இல் கொலம்பியா கம்பெனிச் சைக்கிள் ஒன்றை 160 டாலருக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. சிக்கனக்காரரான அண்ணன், ஏலத்தில் 80 டாலருக்குப் பழையது ஒன்றைப் பிடித்தார். முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் தட்டு அளவும் இருந்த பழைய வண்டி போய், இரண்டு சக்கரமும் ஒரே அளவுள்ள இன்றைய மாதிரி சைக்கிள் வந்த சமயம் அது. அமெரிக்காவே சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஆர்வில் பந்தயத்தில் ஓட்டினார். இவர்களுக்கு யந்திரம் வரும் என்று தெரிந்து தெருக்காரர்கள் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார்கள். அப்படித்தான் கடை பிறந்தது. முதலில் விற்பனை, வாடகை, ரிப்பேர். 1896இலிருந்து சொந்தமாகவே ஃபிரேம் கட்டி, சொந்தப் பெயரில் சைக்கிள்.

வான் கிளீவ் என்பது உயர்ந்த ரகம், செயின்ட் கிளேர் என்பது விலை குறைந்த ரகம். ஆரம்பத்தில் வான் கிளீவ் 65 டாலர், செயின்ட் கிளேர் 42 டாலர் 50 சென்ட். பெரிய தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது இவர்கள் ஆர்டர் வாங்கி ஒவ்வொன்றாகக் கையால் கட்டினார்கள். மொத்தமே சில நூறு வண்டிகள்தான். அதில் தப்பிப் பிழைத்த ஒரு சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கடையில் லேத், டிரில்லிங் மெஷின், மேலே லைன் ஷாஃப்ட். அந்த ஷாஃப்டைச் சுற்ற ஒரு சிலிண்டர் கேஸ் என்ஜின். அதுவும் அவர்களே செய்ததுதான்.

இடது பெடலை நீங்கள் கழற்றியிருக்கிறீர்களா? மற்ற மரைக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். கடைக்குப் புதிதாக வரும் பையன் முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான், மரையை நாசம் செய்து திட்டு வாங்குவான். இரண்டு பெடலுக்கும் ஒரே பக்கத்து மரை போட்டால் இடது பெடல் மிதிக்க மிதிக்கத் தானாகவே கழன்றுவிடும். கழன்றுவராத பெடல் என்று 1900இல் ரைட் சகோதரர்கள் விளம்பரம் செய்தார்கள். இடது பக்கத்துக்கு இடது மரை, அவ்வளவுதான் விஷயம். கழன்று போவது எது, எதனால் கழல்கிறது என்று பார்க்கிற இந்தக் கண்தான் பிற்பாடு விமானத்திலும் கை கொடுத்தது.

ஃபிரேம் எங்கே உடையும்?

ஆர்வில் கதைக்கு நடுவில் கொஞ்சம் எங்க கடைக்கு வாருங்கள்.

சைக்கிள் ஃபிரேம் என்பது மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணமாகச் சேர்த்தது. ஒரே எடை இரும்பைக் கம்பியாக வைப்பதைவிடக் குழாயாக வைத்தால் வளையாமல் நிற்கும் என்பது மெட்டீரியல் பாடத்தில் நாம் படித்தது. அந்தக் குழாய்கள் நடுவில் உடைவது அபூர்வம். உடைவதெல்லாம் மூட்டில், அல்லது மூட்டுக்கு அரை அங்குலம் தள்ளி. ஹேண்டில்பார் நிற்கும் முன்மூட்டில், பெடல் அச்சு ஓடும் அடிமூட்டில். பாரம் அங்கேதான் மாறி மாறி இழுக்கிறது. ஒரு நாளில் உடைவதும் இல்லை. முதலில் மயிரிழைக் கீறல், அதில் தண்ணீர், துரு. பிறகு ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது டப்பென்று போகும்.

நல்ல ஃபிரேமில் மூட்டை உருக்கி ஒட்டுவதில்லை. லக் என்ற சட்டைக்குள் குழாயைச் செருகிப் பித்தளையை உருக்கி ஓடவிடுவார்கள். நாம் பிரேசிங் என்று படிப்பதை எங்க ஊரில் பித்தளை வெல்டிங் என்பார்கள். பித்தளை உருகுவது ஏறத்தாழ 900 டிகிரியில், இரும்பு உருகுவது 1500க்குப் பக்கத்தில். ஆக, குழாய் உருகாமலேயே மூட்டு பிடித்துக்கொள்கிறது. சூடும் குறைவு, அந்த அளவுக்குக் குழாயின் பலமும் குறைவாகவே கெடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. பிறகு எப்போதாவது ஒரு குழாய் கெட்டால் மறுபடி சூடாக்கி அதை மட்டும் உருவி எடுத்து வேறு போடலாம். 1897இல் இங்கிலாந்தில் ரேனால்ட்ஸ் என்பவர் குழாயின் முனையை மட்டும் உட்புறம் தடிப்பாக்கி, நடுவை மெலிதாக விடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சூடு படுகிற இடத்தில் சதை, படாத இடத்தில் எடைக் குறைவு. அந்த ரேனால்ட்ஸ் கம்பெனியை வாங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம்தான், முருகப்பா குடும்பத்தாருடன் கூட்டுச் சேர்ந்து 1949இல் நம்ம அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தது. எங்க ஊர்த் தோப்புகளுக்குப் போகும் பழைய ஹெர்குலஸ் வண்டிகளின் பூர்வீகம் அதுதான்.

இப்போது பையன்கள் கேட்கிற கியர் வைத்த மலைச் சைக்கிளின் கதையும் உடைந்த ஃபிரேமில் தொடங்கியதுதான். 1970களில் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலையேறி, மண் பாதையில் கண்மண் தெரியாமல் இறங்குவார்கள். பழைய ஃபிரேம்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஜோ பிரீஸ் என்பவர் 1977 வாக்கில் அதற்கென்றே குரோமியம் மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாயில் கையால் ஃபிரேம் கட்டினார். பின்னால் அலுமினியம் வந்தது. அது எடை குறைவுதான், ஆனால் வெல்டிங் செய்த இடம் பலம் இழந்துவிடும், அடுப்பில் வைத்து மறுபடி பதம் ஏற்ற வேண்டும். தெருமுனையில் நடக்கிற காரியம் அல்ல. அலுமினிய ஃபிரேமைக் கொண்டுவந்தால் அப்பா வாங்கவே மாட்டார், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

முதலாம் ஆண்டு விடுமுறை. அப்பா ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். எலுமிச்சைத் தோப்பிலிருந்து மார்க்கெட்டுக்குப் பழ மூட்டை ஏற்றி வரும் பெரியவர் ஒருவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அடிமூட்டுக்குப் பக்கத்தில் குழாயில் கீறல். நான் அப்போதுதான் வொர்க்‌ஷாப்பில் ஆர்க் வெல்டிங் படித்திருந்தேன், தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தேன். அப்பா வரட்டும் என்று சொல்லாமல், கேட் செய்கிற பட்டறை ஒன்றுக்கு எடுத்துப்போய்த் தடித்த ராடில் நாலு டேக் வைத்து இழுத்துவிட்டேன். பட்டறைக்காரர் மேல் குற்றமில்லை. கேட் வேலைக்கு உள்ள ராடு அது, கேட்டு வாங்கிப் பிடித்தது நான். மேலே பெயின்ட் அடித்ததும் பார்க்க ஜோராக இருந்தது. பெரியவர் சந்தோஷமாக இருபது ரூபாய் கூடக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து ஃபிரேம் உடைந்தது. நான் வைத்த வெல்டில் இல்லை, அதை ஒட்டிச் சூடு பட்ட குழாயில். மூட்டையோடு ரோட்டில் விழுந்த பெரியவருக்கு மணிக்கட்டு எலும்பு விலகி ஆறு வாரம் கட்டு. பழமெல்லாம் ரோடு முழுக்க உருண்டு கிடந்தது என்று பிறகு சொன்னார்கள். பின்னால் வந்த லாரி பிரேக் பிடித்தது. பிடிக்காமல் போயிருந்தால் என்று இன்றைக்கும் ராத்திரியில் நினைப்பு வருகிறது.

அப்பா என்னைத் திட்டவில்லை. உடைந்த ஃபிரேமைக் கொண்டுவந்து பெஞ்ச் வைஸில் மாட்டினார். கெட்ட துண்டை அறுத்தார். குழாய்க்குள் சரியாக நுழைகிற பைப் துண்டு ஒன்றை உள்ளே விட்டு இரண்டு பக்கமும் செருகினார். வெள்ளை இரும்பு தெரியும்வரை அரம் போட்டார், அதற்கே அரை நாள் போனது. வெங்காரம் தூவிப் பித்தளையை மெதுவாக ஓடவிட்டார். தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறட்டும் என்று விட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு பெரியவர் வீட்டுக்கு வண்டியை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அந்த வழி ரொம்ப நீளமாக இருந்தது.

மீண்டும் டேட்டன்

1896இல் ஆர்வில் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தார். அதே சமயத்தில் ஜெர்மனியில் கிளைடரில் பறந்து காட்டிய லிலியந்தால் விழுந்து இறந்த செய்தி வந்தது. பறப்பது பற்றிய பழைய ஆசை அப்போது மறுபடி கிளம்பியது. 1899இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு எழுதிப் புத்தகங்கள் வரவழைத்தார்கள். மற்றவர்களெல்லாம் விமானம் என்பது கப்பல் மாதிரி, ஆடாமல் நிற்க வேண்டும் என்று நினைத்தார்கள். சைக்கிள்காரர்களான இவர்களுக்கு வேறு மாதிரி தோன்றியது. சைக்கிள் தானாக நிற்காது. ஓட்டுகிறவன் கணத்துக்குக் கணம் சாய்த்துத் திருப்பி நிறுத்துகிறான். விமானத்துக்கும் அந்தப் பிடி ஓட்டுபவன் கையில் இருக்க வேண்டும் என்று இறக்கையின் நுனியை முறுக்கும் முறையைக் கண்டார்கள். என் பார்வையில் ரைட் சகோதரர்களின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்ஜின் அல்ல, இதுதான்.

1900, 1901 என்று கடற்கரை மணல் மேடான கிட்டி ஹாக் போய்க் கிளைடர் விட்டார்கள். சைக்கிள் சீசனில் கடை, மந்தமான மாதங்களில் பெரும்பாலும் ஆராய்ச்சி. 1901 கிளைடர் கணக்குப்படி தூக்கவில்லை. கணக்கு தப்பா, காற்று தப்பா? செயின்ட் கிளேர் சைக்கிள் ஒன்றின் ஹேண்டில்பாருக்கு முன்னால் இன்னொரு சக்கரத்தைப் படுக்க வைத்து, அதில் சிறு தகடுகளை மாட்டி, காற்றைக் கிழித்துக்கொண்டு மிதித்துப் பார்த்தார்கள்! தெருக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அடுத்து மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் கட்டினார்கள். அதற்குள் காற்றின் தூக்கலை அளக்கும் தராசு செய்தது ஹேக்ஸா பிளேடிலும் சைக்கிள் ஸ்போக் கம்பியிலும். பழைய பெரியவர்களின் அட்டவணைகளை ஓரமாக வைத்துவிட்டுத் தங்கள் அளவையே நம்பினார்கள். 1902 கிளைடர் அழகாகப் பறந்தது.

இனி என்ஜின். விற்பவர் யாரும் வேண்டிய எடையில் தரத் தயாரில்லை. கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் அலுமினிய வார்ப்பில் நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்றைச் செய்து கொடுத்தார். கிராங்க் ஷாஃப்டை ஒரே எஃகுக் கட்டியிலிருந்து துளை போட்டு, தட்டி எடுத்து, லேத்தில் கடைந்தார். ஏறத்தாழ 12 குதிரை சக்தி. அதிலிருந்து இரண்டு விசிறிகளுக்குச் சக்தி போனது சைக்கிள் மாதிரியே செயினில்! இரண்டு விசிறியும் எதிரெதிராகச் சுற்ற வேண்டுமே? ஒரு செயினை எட்டு மாதிரி குறுக்கே மாற்றிவிட்டார்கள், பெல்ட் டிரைவில் கிராஸ் பெல்ட் படிக்கிறோமே, அதே கதை.

1903 நவம்பர். கிட்டி ஹாக்கில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. என்ஜினை ஓட்டியதும் அது சீராக ஓடாமல் உதறியது. விசிறிகளைத் தாங்கிய குழாய் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொண்டு கெட்டன. டேட்டனுக்கு அனுப்பி, தடித்த குழாயில் செய்து வரவழைத்தார்கள். இப்போது ஸ்பிராக்கெட் நிற்கவில்லை, நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சில நிமிஷத்தில் கழன்றது. அங்கேதான் சைக்கிள் கடை வந்து காப்பாற்றியது. ரிம்மில் டயரை ஒட்டும் கெட்டிப் பசை இருக்கிறதே, அதை வைத்து ஒரு தடவை ஸ்டாப் வாட்ச் ஒன்றைக்கூடச் சரி செய்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. ஷாஃப்டையும் ஸ்பிராக்கெட்டையும் சூடாக்கி, மரைக்குள் அந்தப் பசையை உருக்கி ஊற்றித் திருகினார்கள். அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. இப்போது நாம் கடையில் சின்ன டியூபில் வாங்கி நட்டுக்குப் போடும் லாக் திரவத்துக்கு அண்ணன் அது.

நவம்பர் கடைசியில் ஒரு ஷாஃப்டில் மயிரிழைக் கீறல் தெரிந்தது. தடித்த குழாய் போட்டும் கீறல்! ஆர்வில் ரயிலேறி டேட்டனுக்கே போய்விட்டார். அங்கே அவர் எடுத்த முடிவை நண்பர்கள் கவனிக்க வேண்டும். நாமாக இருந்தால் இன்னும் தடித்த குழாய் போட்டிருப்போம். அவர் குழாயையே விட்டார். முன்னதைவிட விட்டம் குறைந்த, உள்ளே பொள்ளல் இல்லாத எஃகுக் கம்பியில் ஷாஃப்ட் கடைந்தார்.

ஏன்? ஹாலோ ஷாஃப்ட்தான் சிக்கனம் என்று நாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோமே? அந்த டார்ஷன் சமன்பாட்டை எடுத்துப் பாருங்கள். விட்டம் பெரிதானால் ஜே பெரிதாகும், அதே திருப்பு விசைக்கு முறுக்குக் கோணம் குறையும். சீரான சுமைக்கு அது நல்லது. என்ஜின் விட்டு விட்டு உதைத்தால்? முறுக்கிக் கொடுக்காத குழாய், உதை முழுவதையும் அப்படியே வாங்கும். சிறு விட்டக் கம்பி கொஞ்சம் முறுக்கிக் கொடுத்து உதையை விழுங்கிக்கொள்ளும், ஸ்பிரிங் மாதிரி. பழைய குழாயில் பலம் தேவைக்கு மேல் பல மடங்கு இருந்தது. வளைந்து கொடுக்கும் குணம்தான் இல்லை. இதை வாத்தியார் போர்டில் போட்டபோது எனக்குப் புரியவில்லை. ஆர்வில் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது. அந்தப் பெரியவர் வண்டியில் நான் வைத்த வெல்டும் பலமாகத்தான் இருந்தது!

டிசம்பர் 11ஆம் தேதி புது ஷாஃப்டோடு ஆர்வில் திரும்பினார். அவர் திரும்புவதற்கு முன்பே, டிசம்பர் 8 அன்று, வாஷிங்டனில் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானியின் விமானம் இரண்டாவது முறையாகக் கிளம்பும்போதே நொறுங்கி ஆற்றில் விழுந்தது. ராணுவத் துறை மட்டும் அதற்கு 50,000 டாலர் கொடுத்திருந்தது. இவர்களுடைய மொத்தச் செலவு ஆயிரம் டாலருக்கும் கீழே, அதுவும் கடை லாபத்தில்.

14ஆம் தேதி காசு சுண்டிப் போட்டதில் வில்பருக்கு விழுந்தது. கிளம்பியதும் மூக்கை அதிகம் தூக்கிவிட்டார், மூன்றரை வினாடியில் மணலில் குத்தி முன்பக்கம் உடைந்தது. இரண்டு நாள் ரிப்பேர். 17ஆம் தேதி வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேல் ஆர்வில் முறை. ஊர்க்காரர்கள் ஐந்து பேர்தான் பார்வையாளர்கள். சைக்கிள் ஹப் பொருத்திய சின்ன வண்டி மேல் உட்கார்ந்து, மரத் தண்டவாளத்தில் ஓடி விமானம் எழும்பியது. 12 வினாடி, 120 அடி. அன்றைக்கே நான்காவது முறை வில்பர் 59 வினாடியில் 852 அடி போனார். பிறகு நிறுத்தி வைத்திருந்தபோது பெருங்காற்று விமானத்தைப் புரட்டிப் போட்டு நொறுக்கியது. அது மறுபடி பறக்கவே இல்லை.

1905இல் டேட்டன் பக்கத்து மாட்டுப் புல்வெளியில் 39 நிமிஷம், 24 மைல் பறக்குமளவுக்கு வந்துவிட்டார்கள். புகழும் பணமும் வந்த கதையை எல்லாப் புத்தகத்திலும் படிக்கலாம், விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு நாளை விட முடியாது.

1908 செப்டம்பர் 17. ஃபோர்ட் மையர் என்ற ராணுவ முகாமில் ஆர்வில் பறந்து காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செல்ஃபிரிட்ஜ் என்ற 26 வயது லெஃப்டினன்ட். புதிதாகப் போட்ட விசிறி ஒன்றில் கீறல் விழுந்து, அதிர்ந்து, பின்பக்கச் சுக்கானைத் தாங்கிய கம்பியில் அடித்தது. கம்பி போனதும் பிடி போனது. விமானம் தலைகுப்புற விழுந்தது. செல்ஃபிரிட்ஜ் இறந்தார், என்ஜின் விமானத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர்தான். ஆர்வில்லுக்கு இடது தொடையும் விலா எலும்புகளும் முறிந்து பல வாரம் ஆஸ்பத்திரி. தங்கை கேத்தரின் தன் ஆசிரியை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தார்.

தான் கட்டியதில் ஏறிய ஒருவன் செத்துப்போனான் என்பதைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பது எப்படி இருந்திருக்கும்? எனக்கு மணிக்கட்டு ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆர்வில் படுக்கையில் இருந்தபடியே உடைந்த துண்டுகளை ஆராய்ந்து காரணத்தைத் தேடினார். அடுத்த ஆண்டு அதே மைதானத்துக்கு வந்து, பாக்கி இருந்த சோதனையை முடித்துக் கொடுத்தார். அந்த வலி கடைசிவரை அவரை விடவில்லை.

வில்பர் 1912 மே 30 அன்று டைபாய்டில் 45 வயதில் போய்விட்டார். தனியான ஆர்வில் 1915இல் கம்பெனியை விற்றுவிட்டு ஆய்வுக்கூடத்தோடு ஒதுங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெட்டியில் கட்டி வைத்திருந்த 1903 விமானம் 1913 டேட்டன் வெள்ளத்தில் சேறாகியும் தப்பியது. அதை அவர் துடைத்து, உடைந்த பாகங்களைப் புதுப்பித்து மறுபடி பூட்டினார். முதல் விமானம் லாங்லியுடையதுதான் என்கிற மாதிரி ஸ்மித்சோனியன் பேசியதில் மனம் கசந்து, 1928இல் அதை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942இல் ஸ்மித்சோனியன் தன் தவற்றை ஒப்புக்கொண்டது. 1948 டிசம்பர் 17 அன்று விமானம் வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது, பார்க்க அவர் இல்லை. அதன் துணியிலும் மரத்திலும் சிறு துண்டுகளை 1969இல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவுக்கு எடுத்துப்போனார். 2021இல் செவ்வாயில் பறந்த சின்ன ஹெலிகாப்டரிலும் அந்தத் துணியின் ஒரு துணுக்கு இருந்தது. டேட்டன் சைக்கிள் கடையை ஹென்றி ஃபோர்டு 1930களில் விலைக்கு வாங்கி, கட்டடத்தோடு பெயர்த்து மிச்சிகனில் தன் அருங்காட்சியகத்தில் வைத்தார். இன்றும் அங்கே இருக்கிறது.

பெரியவருடைய சைக்கிள் இன்னும் ஓடுகிறது. அப்பா போட்ட பித்தளை, பெயின்ட் உரிந்த இடத்தில் மஞ்சளாகத் தெரியும். மார்க்கெட் பக்கம் பார்க்கும்போதெல்லாம் நான் குனிந்து அந்த மூட்டைத் தடவிப் பார்ப்பேன். பெரியவர் சிரிப்பார்.

1948 ஜனவரி 27 காலையில் ஆர்வில், 76 வயதில், வீட்டு வாசல் மணி அடிக்கவில்லை என்று மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கி அதைச் சரி செய்துகொண்டிருந்தார். பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே மாரடைப்பு வந்தது. மூன்று நாள் கழித்து, ஜனவரி 30 அன்று காலமானார். காந்தியடிகள் டெல்லியில் சுடப்பட்ட அதே நாள்.